களஞ்சியத்துக்கு ஓர் இடம்

லினக்ஸ் இயங்குதளத்தில் புதிய மென்பொருள் ஒன்று தேவைப்படும்போது, பயனர் அதைத் தேடி இணையத்தில் அலைய வேண்டியதில்லை. தொகுப்பு மேலாளர் என்னும் நிரலிடம் அதன் பெயரைச் சொன்னால் போதும், அது எங்கே கிடைக்கும், அது இயங்குவதற்கு வேறு எவையெவை உடனிருக்க வேண்டும், அவற்றில் எவை ஏற்கெனவே கணினியில் உள்ளன என்பதையெல்லாம் அந்த நிரலே கணக்கிட்டு, வேண்டியவற்றை இறக்கி நிறுவிவிடுகிறது. இப்படி ஒரே கட்டாக நிறுவவும் நீக்கவும் கூடிய மென்பொருளுக்குத் தொகுப்பு என்று பெயர். தொகுப்புகளும் அவற்றைப் பற்றிய விவரங்களும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும் இடம் களஞ்சியம். களஞ்சியத்தின் மூலப்படி தொலைவிலுள்ள வழங்கிகளில் இருந்தாலும், அதன் பட்டியலோ முழு நகலோ ஒவ்வொரு கணினியிலும் ஏதேனும் ஓர் அடைவில், அதாவது கோப்புகளை அடக்கிய உறையில், இருந்தாக வேண்டும். அதைப் புரட்டிப் பார்த்துத்தான் தொகுப்பு மேலாளர் தன் கணக்கைப் போடுகிறது.

அந்த அடைவு எது என்று பயனர் சொல்லாதபோது, மென்பொருளை எழுதியவர்கள் முன்கூட்டியே வைத்துவிட்ட தெரிவு செயலுக்கு வருகிறது. இதை முன்னிருப்பு என்பர். முன்னிருப்பை மாற்றிக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்றாலும், அப்படி ஒரு தெரிவு இருப்பதையே பெரும்பாலோர் அறிவதில்லை. ஆகவே முன்னிருப்பை நிர்ணயிப்பவர் தமக்காக மட்டுமன்றி, அந்தக் கேள்வியை ஒருபோதும் எண்ணிப் பார்க்காத அத்தனை பேருக்காகவும் முடிவெடுக்கிறார். ஓர் அடைவின் பெயரைத் தேர்ந்தெடுப்பது அற்பமான வேலை போலத் தோன்றலாம். ஆனால் ஜென்டூ என்னும் லினக்ஸ் வழங்கல், தன் களஞ்சியத்தைப் பதினாறு ஆண்டுகளுக்கும் மேலாக ‘/யூஎஸ்ஆர்/போர்ட்டேஜ்’ என்னும் இடத்தில் வைத்திருந்துவிட்டு, 2018இல் நடந்த விரிவான விவாதத்துக்குப் பின் அதை ‘/வார்/டிபி/ரெப்போஸ்/ஜென்டூ’ என்னும் இடத்துக்கு மாற்றியபோது எழுந்த கேள்விகளைப் பார்த்தால், அது தரவின் இயல்பையே வரையறுக்கும் வேலை என்பது விளங்கும். (அடைவுப் பெயர்கள் இக்கட்டுரையில் ஒலிப்பின்படி தமிழில் தரப்படுகின்றன, கணினியில் அவை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இருக்கும்.)

முதலில் ‘/யூஎஸ்ஆர்’ என்பதன் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸ் கணினியில் சி, டி என்று வட்டுகளுக்குத் தனித்தனி எழுத்துகள் இருப்பதுபோல் லினக்ஸில் இல்லை. ஒரு சாய்கோடு எல்லாவற்றுக்கும் வேராக நிற்க, அதிலிருந்து கிளைகளாக எல்லா அடைவுகளும் பிரிகின்றன. எத்தனை வட்டுகள் இருந்தாலும் அவை இந்த ஒரே மரத்தின் கிளைகளில் பொருத்தப்படுகின்றன. இந்த அமைப்பு யூனிக்ஸிலிருந்து வந்தது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1970களின் தொடக்கத்தில் பிடிபி-11 கணினியில் யூனிக்ஸை வளர்த்தபோது, ‘யூஎஸ்ஆர்’ என்ற அடைவு பயனர்களின் சொந்தக் கோப்புகளுக்கான இடமாகத்தான் இருந்தது; பயனர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே அப்பெயர். வட்டுகளோ இரண்டு, மூன்று மெகாபைட்டைத் தாண்டாதவை. முதல் வட்டில் இடம் போதாமல் போக, நிரல்களும் மெல்ல மெல்ல இரண்டாம் வட்டிலிருந்த ‘/யூஎஸ்ஆர்’ அடைவுக்குள் குடிபுகுந்தன. காலப்போக்கில் பயனர்கள் வேறிடத்துக்குப் பெயர்ந்துவிட, குடிவந்த நிரல்களே வீட்டுக்கு உரியவை ஆயின. இன்று ஒரு லினக்ஸ் கணினியின் நிரல்களும் நூலகங்களும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. பயனரின் சொந்தக் கோப்பு ஒன்றுகூட அங்கே இருப்பதில்லை.

1980களில் பல கணினிகளைப் பிணையத்தால் இணைத்து, ஒரே ‘/யூஎஸ்ஆர்’ அடைவை எல்லாக் கணினிகளும் தொலைவிலிருந்து பகிர்ந்துகொள்ளும் வழக்கம் வந்தபோது, ஒரு சிக்கல் எழுந்தது. பகிரப்படும் அடைவில் ஒவ்வொரு கணினியும் தன் பதிவேடுகளையும் அச்சு வரிசைகளையும் எழுதத் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். எனவே மாறிக்கொண்டே இருப்பவற்றைத் தனியே பிரித்து ‘/வார்’ என்ற அடைவுக்குள் வைத்தார்கள். மாறுபடுவது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. பெயரிலேயே இலக்கணம் அமைந்துவிட்ட அடைவு என்று அதைச் சொல்லலாம்.

லினக்ஸ் பரவத் தொடங்கியபோது ஒவ்வொரு வழங்கலும் தன் போக்கில் கோப்புகளை அடுக்கியதால், 1994 பிப்ரவரியில் ஒரு பொதுத் தரம் வெளியிடப்பட்டது. பின்னர் அது கோப்பு முறைமை அடுக்குத் தரம் என்ற பெயரில் வளர்ந்து, 2015இல் மூன்றாம் பதிப்பை எட்டியது. அத்தரம் எந்தக் கோப்பைப் பற்றியும் இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது: இந்தக் கோப்பைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ளலாமா, அல்லது இது ஒரு கணினிக்கே உரியதா? நிர்வாகி கைவைக்காமல் இது தானாக மாறுமா, மாறாதா? இந்த இரு கேள்விகளின் விடைகளே கோப்பின் இருப்பிடத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. இதன்படி ‘/யூஎஸ்ஆர்’ என்பது பகிரத்தக்கது, படிக்க மட்டுமே உரியது. மென்பொருளை நிறுவும்போதோ புதுப்பிக்கும்போதோ தவிர மற்ற நேரங்களில் அதில் யாரும் எதையும் எழுதக் கூடாது. ‘/வார்’ அடைவுக்குள் மேலும் நுட்பமான பிரிவுகள் உண்டு. ‘/வார்/கேஷ்’ என்பதில் இருப்பவை எப்போது வேண்டுமானாலும் அழிக்கப்படலாம், அழித்தாலும் நிரல் அவற்றை மீண்டும் உண்டாக்கிக்கொள்ளும். ‘/வார்/லிப்’ என்பதில் இருப்பவை நிரலின் நிலையைக் குறிக்கும் தரவுகள், அவற்றை இழந்தால் நிரல் தன் நினைவை இழக்கும். இந்த வேறுபாடு பின்னர் மிக முக்கியமாகப் போகிறது.

ஜென்டூவின் தொகுப்பு மேலாளருக்குப் போர்ட்டேஜ் என்று பெயர். பிற வழங்கல்கள் முன்பே தொகுத்து ஆயத்தமாக்கிய நிரல்களைப் பயனருக்கு அனுப்ப, ஜென்டூவோ மூலநிரலை இறக்கி அதைப் பயனரின் கணினியிலேயே தொகுத்து, அதாவது இயங்கும் வடிவுக்கு மாற்றி, நிறுவும் முறையை முதன்மையாகக் கொண்டது. அதை உருவாக்கிய டேனியல் ராபின்ஸ், யூனிக்ஸ் மரபில் வந்த பிரீபிஎஸ்டி இயங்குதளத்தைச் சிறிது காலம் பயன்படுத்தி, 1994 முதல் அங்கே வழங்கிவந்த, மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவும் போர்ட்ஸ் என்னும் முறையைக் கண்டு ஈர்க்கப்பட்டவர். போர்ட்டேஜ் என்ற பெயரே அதன் சாயல்தான். பிரீபிஎஸ்டியில் போர்ட்ஸ் மரம், அதாவது அதன் களஞ்சியம், ‘/யூஎஸ்ஆர்/போர்ட்ஸ்’ என்ற அடைவில் இருந்தது. 2002இல் ஜென்டூ 1.0 வெளிவந்தபோது அதன் மரம் ‘/யூஎஸ்ஆர்/போர்ட்டேஜ்’ அடைவில் இருந்தது. ஊர் மாறி வந்தவர் பழைய ஊரின் தெருப்பெயரையே புதிய தெருவுக்கும் வைப்பதுபோல, முன்மாதிரியின் இருப்பிடமும் முறையோடு சேர்ந்தே வந்துவிட்டது. பிஎஸ்டி மரபில் மூலநிரலைக்கூட ‘/யூஎஸ்ஆர்’ அடைவுக்குள்தான் வைப்பார்கள். எனவே அந்த ஊரில் அது இயல்பானது. லினக்ஸின் தரம் வகுத்த இலக்கணத்தில்தான் அது பொருந்தாமல் போயிற்று.

அந்த ஒற்றை அடைவுக்குள் எவை இருந்தன என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். முதலாவது, இபில்ட் எனப்படும் செய்முறைக் கோப்புகள்: ஒரு மென்பொருளின் மூலநிரல் எங்கே கிடைக்கிறது, அதை எப்படித் தொகுப்பது, அது எவற்றைச் சார்ந்துள்ளது என்பவற்றைச் சொல்லும் சிறுசிறு உரைக்கோப்புகள் அவை. ஒவ்வொரு தொகுப்புக்கும் பல பதிப்புகள், ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் இபில்ட், கூடவே சரிபார்ப்புத் தொகைகள், விவரக் குறிப்புகள், முன்பே கணக்கிட்டு வைத்த சுருக்கங்கள் என்று எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள். இரண்டாவது, ‘டிஸ்ட்ஃபைல்ஸ்’ என்ற உள்ளடைவில் இறக்கிவைக்கப்பட்ட மூலநிரல் கட்டுகள். குரோமியம் போன்ற பெரிய மென்பொருளின் கட்டு ஒன்றே பல நூறு மெகாபைட் இருக்கும். மூன்றாவது, ‘பேக்கேஜஸ்’ என்ற உள்ளடைவில், பயனர் தம் கணினியில் ஒருமுறை தொகுத்ததை மறுமுறை பயன்படுத்தவோ இன்னொரு கணினிக்குக் கொடுக்கவோ கட்டிவைத்த இருமக் கட்டுகள்.

இந்த மூன்றின் இயல்பும் வேறு வேறு. செய்முறைக் கோப்புகள் ஜென்டூ அமைப்புக்குச் சொந்தமானவை, நாள்தோறும் மாறுபவை, பயனர் அவற்றைத் திருத்தக் கூடாது. மூலநிரல் கட்டுகள் இணையத்திலிருந்து மீண்டும் கிடைக்கக்கூடியவை. இருமக் கட்டுகளோ பயனரின் மின்சாரத்தையும் நேரத்தையும் தின்று உருவானவை. அழிந்தால் மீண்டும் உருவாக்க முடியும், ஆனால் பழைய கணினி ஒன்றில் அதற்கு இரவு முழுவதும் ஆகலாம். மூன்றையும் ஒரே உறைக்குள் வைத்ததன் விளைவு, களஞ்சியத்தைப் புதுப்பிக்கும் கட்டத்தில் வெளிப்பட்டது. புதுப்பிப்பதற்கு ஆர்சிங்க் என்னும் கருவி பயன்பட்டது. வழங்கியிலுள்ள மரத்தையும் கணினியிலுள்ள மரத்தையும் ஒப்பிட்டு, வேறுபடுவதை மட்டும் இறக்கி, வழங்கியில் இல்லாதவற்றைக் கணினியிலிருந்து அழித்துவிடுவது அதன் பணி. வழங்கியின் மரத்தில் டிஸ்ட்ஃபைல்ஸ் இல்லை. ஆகவே ஆர்சிங்கை அதன் போக்கில் விட்டால், ஒவ்வொரு புதுப்பிப்பிலும் பயனர் சேர்த்துவைத்த அத்தனை கட்டுகளும் துடைத்தெறியப்படும். இதைத் தடுக்க, டிஸ்ட்ஃபைல்ஸையும் பேக்கேஜஸையும் தொடாதே என்ற விலக்குகளைப் போர்ட்டேஜின் இயல்பான கட்டளைக்குள்ளேயே எழுதிவைத்தார்கள். பயனர் தமக்கென அந்தக் கட்டளையை மாற்றி எழுதி, விலக்குகளைச் சேர்க்க மறந்தால் சேமிப்பு போயிற்று. ஓர் அடைவின் பாதுகாப்புக்கு இப்படி விலக்குப் பட்டியல் வேண்டியிருக்கிறது என்றாலே, அது தவறான இடத்தில் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல் வட்டில் இருந்தது. லினக்ஸில் பரவலாக வழங்கும் இஎக்ஸ்டி4 என்னும் கோப்பு முறைமை, வட்டை வழக்கமாக 4 கிலோபைட் அளவுள்ள கட்டங்களாகப் பிரிக்கிறது. 700 பைட் அளவுள்ள ஒரு செய்முறைக் கோப்பும் ஒரு முழுக் கட்டத்தை எடுத்துக்கொள்ளும். அதோடு, ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்னும் பதிவுச் சீட்டு ஒன்று வேண்டும். இந்தச் சீட்டுகளின் எண்ணிக்கை வட்டுப்பகுதியை உருவாக்கும்போதே, வழக்கமாக 16 கிலோபைட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், நிர்ணயிக்கப்பட்டுவிடும். 1 ஜிபி அளவுள்ள வட்டுப்பகுதியில் 65,536 சீட்டுகள்தான் இருக்கும். சில நூறு மெகாபைட் எடையே கொண்ட செய்முறை மரத்தை, இடம் தாராளமாக இருக்கிறது என்று நம்பி அந்தப் பகுதியில் வைப்பவர், பாதியைத் தாண்டியதும் வட்டில் இடமில்லை என்ற செய்தியைக் காண்பார். காலியிடத்தைக் காட்டும் கட்டளையோ பல நூறு மெகாபைட் காலி என்று காட்டும். இரண்டும் உண்மையே: இடம் இருக்கிறது, சீட்டு தீர்ந்துவிட்டது. சீட்டுகளை மட்டும் எண்ணிக்காட்டும் கட்டளையை அறிந்தவருக்கே இது விளங்கும். இதனால் அனுபவம் மிக்க பயனர்கள் செய்முறை மரத்தைத் தனி வட்டுப்பகுதியிலோ, அழுத்திச் சுருக்கிய படிமமாகவோ வைத்துக்கொண்டார்கள். ஆனால் டிஸ்ட்ஃபைல்ஸும் அதே அடைவுக்குள் இருந்ததால், அப்படிப் பிரிப்பதும் ஒரு தனி வேலையாயிற்று. சின்னஞ்சிறு கோப்புகள் லட்சம் இருக்கும் அடைவும், பென்னம்பெரிய கோப்புகள் சில நூறு இருக்கும் அடைவும் வட்டிடம் கேட்பவை முற்றிலும் வேறானவை.

இவற்றுக்கெல்லாம் மேலாக, ‘/யூஎஸ்ஆர்’ அடைவைப் படிக்க மட்டும் என்று பூட்டிவைக்க விரும்பும் நிர்வாகிக்கு, அதற்குள்ளேயே நாள்தோறும் எழுதப்படும் ஒரு மரம் இருப்பது பெரும் தடையாக இருந்தது. களஞ்சியத்தை மாற்ற வேண்டும் என்பதில் 2018 வாக்கில் பெரிய கருத்து வேறுபாடு இருந்திருக்க நியாயமில்லை. எங்கே மாற்றுவது என்பதில்தான் உண்மையான சிந்தனை தேவைப்பட்டது.

முதலில் மனத்தில் எழும் விடை ‘/வார்/கேஷ்’. களஞ்சியம் இணையத்திலிருந்து இறக்கப்பட்ட நகல்தானே, அழிந்தால் மீண்டும் இறக்கிக்கொள்ளலாமே என்பது அதன் வாதம். கேட்பதற்குச் சரியாக இருக்கும் இந்த வாதம் கூர்ந்து நோக்கினால் நிற்பதில்லை. நேற்று இறக்கிய மரத்தை இன்று அழித்துவிட்டு மீண்டும் இறக்கினால் கிடைப்பது இன்றைய மரம். நேற்றைய மரம் அன்று. ஒரு நிர்வாகி ஒரு குறிப்பிட்ட நாளின் மரத்தைச் சோதித்துப் பார்த்து, அதிலேயே பத்துக் கணினிகளை நிறுத்திவைத்திருக்கலாம். அவருக்கு அந்த மரம் ஒரு நிலை. மேலும் மரம் இல்லாத கணினியில் போர்ட்டேஜால் எந்த வேலையையும் தொடங்கவே முடியாது. கேஷ் என்பது இல்லாவிட்டால் வேலை தாமதமாகும். இது இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும்.

டெபியன் வழங்கலும் இதே கேள்வியைச் சந்தித்திருக்கிறது என்பதை இங்கே நினைவுகூர்வது பயன் தரும். அதன் ஏபிடி என்னும் தொகுப்பு மேலாளர், இறக்கிய தொகுப்புகளை ‘/வார்/கேஷ்/ஏபிடி/ஆர்க்கைவ்ஸ்’ அடைவிலும், களஞ்சியங்களின் பட்டியல்களை ‘/வார்/லிப்/ஏபிடி/லிஸ்ட்ஸ்’ அடைவிலும் வைக்கிறது. இரண்டுமே இணையத்திலிருந்து வருபவை; ஒன்று கேஷ், மற்றொன்று நிலை. இந்தப் பிரிவு எவ்வளவு பொருளுடையது என்பதை, டாக்கர் முதலிய கருவிகளில் டெபியன் படிமங்களை உருவாக்குவோர் தினமும் உணர்கிறார்கள்: படிமத்தின் எடையைக் குறைக்க அவர்கள் பட்டியல் அடைவைக் கடைசியில் அழித்துவிடுவது வழக்கம், அப்படி அழித்த படிமத்துக்குள் நுழைந்து ஒரு தொகுப்பை நிறுவ முயல்பவருக்கு, அப்படியொரு தொகுப்பே இல்லை என்ற பதில்தான் கிடைக்கும். பட்டியலை மீண்டும் இறக்கிய பின்னரே அதே பெயர் கண்டுபிடிக்கப்படும். ஆர்க் லினக்ஸின் பேக்மேனும் இதே வழியில் பட்டியல்களை ‘/வார்/லிப்’ பக்கமும் கட்டுகளை ‘/வார்/கேஷ்’ பக்கமும் பிரித்துவைக்கிறது.

அப்படியானால் ஜென்டூவும் ‘/வார்/லிப்’ என்பதைத் தேர்ந்திருக்கலாமே என்று கேட்கலாம். தரத்தை எழுத்துப்படி கடைப்பிடிப்போருக்கு அதுவே உகந்த இடம். ‘/வார்/டிபி’ அந்தத் தரம் வகுத்த அடைவு அன்று, அது பிஎஸ்டி மரபிலிருந்து வந்தது. ஆனால் ஜென்டூவில் நிறுவப்பட்ட தொகுப்புகளின் பேரேடு ‘/வார்/டிபி/பிகேஜி’ என்ற அடைவிலேயே நெடுங்காலமாக இருந்துவந்தது. கிடைப்பவற்றின் பட்டியலையும் நிறுவியவற்றின் பேரேட்டையும் அக்கம்பக்கத்தில் வைப்பது பயனருக்கு எளிது. அடுத்து வரும் ‘ரெப்போஸ்’ என்ற சொல்லும் கவனமாகத் தேர்ந்தது. அதில் போர்ட்டேஜின் பெயர் இல்லை. ஏனெனில் ஜென்டூவின் களஞ்சியத்தைப் பிகேஜிகோர், பலூடிஸ் போன்ற வேறு தொகுப்பு மேலாளர்களும் படிக்கின்றன, களஞ்சியம் எந்த ஒரு நிரலுக்கும் தனிச்சொத்து அன்று. அது பன்மைச் சொல் என்பதும் முக்கியம்: அதிகாரப்பூர்வக் களஞ்சியத்தோடு, தனிநபர்களும் குழுக்களும் நடத்தும் ஓவர்லே எனப்படும் துணைக் களஞ்சியங்களையும் பலர் சேர்த்துக்கொள்கிறார்கள், முன்பு அவை ஆளுக்கோர் இடத்தில் சிதறிக்கிடந்தன, இப்போது ஒவ்வொன்றும் தன் பெயரோடு ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்க இடம் கிடைத்தது. கடைசியில் வரும் ‘ஜென்டூ’ என்பது அந்தக் களஞ்சியம் தனக்குள்ளேயே எழுதிவைத்திருக்கும் அதன் சொந்தப் பெயர். டிஸ்ட்ஃபைல்ஸும் இருமக் கட்டுகளும் ‘/வார்/கேஷ்’ அடைவுக்குள் தனித்தனி இடங்களுக்குச் சென்றன. இருமக் கட்டுகளைக் கேஷ் என்று கருதியது சரிதானா என்பது மட்டும் விவாதத்துக்கு உரியது. இரவெல்லாம் தொகுத்து உருவானதை, எப்போதும் அழிக்கலாம் என்ற பலகை மாட்டிய அறையில் வைப்பதில் ஓர் உறுத்தல் இருக்கத்தான் செய்கிறது.

புதிய முன்னிருப்பு புதிதாக நிறுவப்படும் கணினிகளுக்கு மட்டுமே. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவற்றில் பழைய இடமே தொடர்ந்தது. இது சரியான முடிவு, ஏனெனில் மாற்றம் வெறும் அடைவு நகர்த்தல் அன்று. நகர்த்த விரும்பியவர், முதலில் ‘/இடிசி/போர்ட்டேஜ்’ அடைவிலுள்ள களஞ்சிய அமைப்புக் கோப்பில் இருப்பிடத்தைக் குறிக்கும் வரியை மாற்ற வேண்டும். பிறகு மூலநிரல் கட்டுகளுக்கும் இருமக் கட்டுகளுக்கும் உரிய இரண்டு மாறிகளைத் திருத்த வேண்டும். பிறகே கோப்புகளை நகர்த்த வேண்டும். இவ்வளவும் செய்து முடித்தபின் போர்ட்டேஜை இயக்கினால், அது வேலை செய்ய மறுக்கும். காரணம் ஒரு சிறு இணைப்பு. கணினியின் வகைக்கேற்ற அடிப்படை அமைப்புகள் அடங்கிய பகுதிக்கு ஜென்டூவில் புரொஃபைல் என்று பெயர். அது களஞ்சியத்துக்குள்ளேயே இருக்கிறது. எந்தப் புரொஃபைல் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதைக் காட்ட, ‘/இடிசி/போர்ட்டேஜ்’ அடைவில் ஒரு குறியீட்டு இணைப்பு, அதாவது வேறோர் இடத்தைச் சுட்டும் கைகாட்டி போன்ற கோப்பு, வைக்கப்பட்டிருக்கும். களஞ்சியம் நகர்ந்த பிறகும் அந்தக் கைகாட்டி காலியான பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அமைப்புக் கோப்பில் எழுதப்பட்ட இருப்பிடம் ஒன்று, இணைப்புக்குள் உறைந்துபோன இருப்பிடம் இன்னொன்று என்று ஒரே செய்தி இரண்டு இடங்களில் பதிவாகியிருந்ததன் விளைவு இது. புரொஃபைலை மீண்டும் தேர்ந்தெடுக்கும் ஒரே கட்டளையால் இது தீரும். அதை அறியாதவருக்கோ கணினியே பழுதானது போன்ற அச்சம் வரும்.

ஜென்டூ ‘/யூஎஸ்ஆர்’ அடைவிலிருந்து ‘/வார்’ அடைவுக்கு வந்த அதே காலத்தில், ஆர்பிஎம் என்னும் தொகுப்பு முறையைப் பின்பற்றும் வழங்கல்கள் நேர் எதிர்த்திசையில் பயணம் செய்தன என்பது இந்த வரலாற்றின் மிகச் சுவையான பகுதி. ஆர்பிஎம்மின் தரவுத்தளம், அதாவது கணினியில் எந்தெந்தத் தொகுப்புகள் எந்தெந்தப் பதிப்பில் நிறுவப்பட்டுள்ளன என்ற பேரேடு, நெடுங்காலம் ‘/வார்/லிப்/ஆர்பிஎம்’ அடைவில் இருந்தது. ஓப்பன்சூசே அதை ‘/யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்இமேஜ்/ஆர்பிஎம்’ என்ற இடத்துக்கு மாற்றியது. 2022இல் வந்த ஃபெடோரா 36 அதே வழியில் சென்றது.

காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஓப்பன்சூசேயில் கணினியின் நிலையை அவ்வப்போது நிழற்படம் போலப் பதிந்துவைத்து, புதுப்பிப்பில் கோளாறு நேர்ந்தால் பழைய நிலைக்கே திரும்பும் வசதி உண்டு. அந்தப் பதிவில் ‘/யூஎஸ்ஆர்’ சேரும். ‘/வார்’ சேராது, ஏனென்றால் அங்கே அஞ்சல்களும் தரவுத்தளங்களும் பதிவேடுகளும் இருக்கின்றன, நிரல் ஒன்றின் கோளாறுக்காக அவற்றையும் நேற்றைய நிலைக்குத் தள்ளிவிட முடியாது. இப்போது ஒரு நூலகம் பதிப்பு 1.1இலிருந்து 1.2க்குப் புதுப்பிக்கப்பட்டு, கோளாறு கண்டு கணினி பின்னுக்குத் திருப்பப்பட்டதாகக் கொள்வோம். ‘/யூஎஸ்ஆர்’ அடைவில் இருப்பது 1.1. பேரேடு ‘/வார்’ அடைவில் இருந்தால், அது திரும்பாமல் 1.2 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அடுத்து வரும் எந்தக் கணக்கும் தவறாகவே முடியும். பேரேடு விவரிப்பது ‘/யூஎஸ்ஆர்’ அடைவின் உள்ளடக்கத்தை என்பதால், அந்த உள்ளடக்கத்தோடு முன்னும் பின்னும் சேர்ந்தே அது நகர வேண்டும். மென்பொருள் நிறுவப்படும்போது மட்டுமே அது மாறுகிறது என்பதால், ‘/யூஎஸ்ஆர்’ அடைவின் இலக்கணத்தையும் அது மீறவில்லை. தளம் முழுவதையும் ஒரே படிமமாகக் கையாளும் ஆர்பிஎம்-ஓஸ்ட்ரீ இதை முன்பே உணர்ந்து, தன் பேரேட்டை ‘/யூஎஸ்ஆர்/ஷேர்/ஆர்பிஎம்’ அடைவில் வைத்திருந்தது.

இரு பயணங்களும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஜென்டூ நகர்த்தியது கிடைப்பவற்றின் பட்டியலை. ஃபெடோராவும் ஓப்பன்சூசேயும் நகர்த்தியது நிறுவியவற்றின் பேரேட்டை. கடையில் என்னென்ன உண்டு என்ற விலைப்பட்டியல் நாள்தோறும் மாறும், அது மாறுவதால் வீட்டில் எதுவும் மாறாது. வீட்டிலுள்ள பொருள்களின் கணக்கேடோ வீட்டை விட்டுத் தனியே இருந்தால் பொருளற்றது. இந்த அளவுகோலை நேர்மையாகப் பிடித்தால், ஜென்டூவின் சொந்தப் பேரேடான ‘/வார்/டிபி/பிகேஜி’ என்பதையும் ஒருநாள் கேள்விக்குள்ளாக்க வேண்டியிருக்கும். நிழற்படப் பதிவுகளைப் பயன்படுத்தும் ஜென்டூ பயனர்கள் அந்த அடைவையும் ‘/யூஎஸ்ஆர்’ அடைவோடு சேர்த்தே பதிவதைத் தாமே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

முன்னிருப்பை மாற்றுவது ஏறக்குறைய இயலாததாகிவிடும் நிலை ஒன்றும் உண்டு. நிக்ஸ் என்னும் தொகுப்பு மேலாளர், யூனிக்ஸ் மரபின் அடைவு முறையையே விட்டுவிட்டு, எல்லாத் தொகுப்புகளையும் ‘/நிக்ஸ்/ஸ்டோர்’ என்ற இடத்தில், ஒவ்வொன்றுக்கும் நீண்ட அடையாள எண் சேர்த்து வைக்கிறது. அந்த அடையாள எண்ணைக் கணக்கிடும் கணக்கில் ‘/நிக்ஸ்/ஸ்டோர்’ என்ற இருப்பிடமே ஓர் உள்ளீடு. வேறோர் இடத்தில் நிறுவினால் எல்லா எண்களும் மாறிவிடும். முன்பே தொகுத்து வழங்கிகளில் வைத்திருக்கும் கட்டுகளில் ஒன்றும் பொருந்தாது, அத்தனையையும் மூலநிரலிலிருந்து தொகுத்தாக வேண்டும். 2019இல் ஆப்பிளின் மேக் இயங்குதளம் 10.15ஆம் பதிப்பில் வேர் அடைவைப் படிக்க மட்டும் என்று பூட்டியபோது, அங்கே நிக்ஸைப் பயன்படுத்தியோர் ‘/நிக்ஸ்’ என்ற ஓர் அடைவை உருவாக்கவே தனி அமைப்புக் கோப்பும் தனி வட்டுப்பகுதியும் வேண்டியிருந்தது. இங்கே இருப்பிடம் முகவரியாக இல்லை, பொருளின் ஓர் உறுப்பாகவே ஆகிவிட்டது.

மற்ற இடங்களில் அந்த அளவுக்கு இறுக்கம் இல்லை என்றாலும், முன்னிருப்புகள் எளிதில் சாவதில்லை. ஃபெடோராவில் யம் என்னும் தொகுப்பு மேலாளருக்குப் பதிலாக டிஎன்எஃப் 2015இல் வந்துவிட்டது. ஆயினும் களஞ்சியங்களின் அமைப்புக் கோப்புகள் ‘/இடிசி/யம்.ரெப்போஸ்.டி’ என்ற அடைவிலேயே இன்னும் இருக்கின்றன. எத்தனையோ நிறுவனங்களின் நிறுவல் குறிப்புகளிலும் நிர்வாகிகளின் சிறுநிரல்களிலும் அந்தப் பெயர் எழுதப்பட்டுவிட்டது; பெயரை மாற்றினால் அத்தனையும் ஒரே நாளில் உடையும். ‘/யூஎஸ்ஆர்/போர்ட்டேஜ்’ என்ற பெயரும் அப்படித்தான் பதினாறு ஆண்டுகளில் காப்புநகல் எடுக்கும் சிறுநிரல்களிலும் துப்புரவுக் கட்டளைகளிலும் எழுதப்பட்டுப் பரவியிருந்தது. இடமாற்றத்துக்குப் பின் அந்தச் சிறுநிரல்கள் புதிய கணினிகளில் ஒன்றும் இல்லாத அடைவைத் தேடின. அவற்றில் சில தவறைச் சொல்லி நின்றிருக்கும், சில எதையும் சொல்லாமல் காலியான காப்புநகலை எடுத்து வைத்திருக்கும். இருப்பிடத்தைச் சிறுநிரலுக்குள் எழுதிவைக்காமல் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழி உண்டு: போர்ட்டேஜோடு சேர்ந்தே வரும் போர்ட்டேஜ்க்யூ என்னும் சிறு கருவியிடம் ‘ஜென்டூ’ என்ற பெயரைக் கொடுத்து, அந்தக் களஞ்சியம் இந்தக் கணினியில் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். 2012இல் நிறுவப்பட்டு, களஞ்சியம் நகர்த்தப்படாமல் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் அது ‘/யூஎஸ்ஆர்/போர்ட்டேஜ்’ என்று சொல்லும், நேற்று நிறுவிய கணினியில் ‘/வார்/டிபி/ரெப்போஸ்/ஜென்டூ’ என்று சொல்லும்.